மூன்று கேலன் பந்தயம்

யுத்தம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெட்ரோல் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அதற்கு முன்னால் மழை பெய்யும், மாடு கறக்கும், பஸ் ஓடும். எதனால் என்று யாரும் கேட்டதில்லை.

அரூரிலிருந்து பொம்மிடி ரயிலடிக்கு அப்போது இரண்டு பஸ்கள் ஓடின. ஒன்று என் அண்ணனுடையது. அவனே முதலாளி, அவனே டிரைவர். இன்னொன்றுக்கும் முதலாளியும் டிரைவரும் ஒருவரேதான். அண்ணன் அவரை மாமா என்று கூப்பிடுவான்; அவர் அண்ணனை மாப்ள என்பார். சொந்தம் ஒன்றும் கிடையாது. நாங்கள் மாதா கோயில்காரர்கள், அவர் வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். ஆனால் தினமும் ஒரே ரோட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் புழுதி அடிக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு உறவு வேண்டுமல்லவா? கேலி பேசத் தோதான உறவாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

சேலம் ரயிலுக்கு ஆள் கொண்டுபோய் விடுவதும், வந்த ரயிலில் இறங்குகிறவர்களை ஏற்றி வருவதும்தான் இரண்டு வண்டிகளின் பிழைப்பும். ரயிலடியில் ஒரே ஒரு வேப்பமரம். முதலில் போகிற வண்டிக்கு அந்த நிழல்; நிழலில் நிற்கிற வண்டிக்குத்தான் கூட்டம். ஆகவே தினமும் பந்தயம். அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது தேளை மிதிப்பதுபோல் இருக்கும். மாமா அதற்கும் மேலே, பாம்பை மிதிப்பதுபோல்.

நான் அந்தச் சமயம் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். பட்டாளத்து மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்க ஆள் போதாமல், பெண்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு பயிற்சிக் கூடத்தில் படித்து முடித்துவிட்டு, வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு நான் என்ன படித்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதில் கொஞ்சம் சிரமம் இருந்தது. "மிஷினு சம்பந்தமா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்டவர்கள் தையல் மிஷின் என்று எடுத்துக்கொண்டு ரவிக்கைத் துணியோடு வந்தார்கள். இரண்டு மூன்று ரவிக்கைகளைத் தைத்தும் கொடுத்தேன்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு கூப்பனும் பாதியாயிற்று. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, இந்த ரோட்டுக்கு இனி ஒரு பஸ்ஸுக்குத்தான் பெட்ரோல், மற்றது யுத்தம் முடிகிறவரை ஷெட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எந்தப் பஸ் என்று தீர்மானிக்க அவர் கண்ட வழி இது: இரண்டு வண்டிக்கும் மூன்று கேலன் பெட்ரோல் அளந்து கொடுப்பார். அரூரில் கிளம்பிப் பொம்மிடி போய்த் திரும்ப வேண்டும். மிச்சம் கொண்டுவருகிற வண்டிக்குப் பெர்மிட். வழக்கமாகப் போய்வர எங்கள் வண்டி நாலு கேலன் குடிக்கும்.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"வண்டி நின்னுச்சுன்னா நான் பட்டாளத்து லாரி ஓட்டப் போயிடுவேன். அஸ்ஸாம் பக்கம் மலையில ரோடு போடறாங்களாம். டிரைவருக்கு ஆளு கெடைக்கலியாம்" என்றான்.

வெறும் பேச்சு இல்லை. ஏற்கெனவே சேலம் போய் மார்பளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது மறுநாள் தெரிந்தது. அம்மா அவனோடு பேசுவதை நிறுத்தினார். சோறு மட்டும் போட்டார். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன இரண்டு பேரைப் பற்றி அதுவரை தகவல் இல்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிக் கூடத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை வைத்திருந்தார். சீமையில் யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, பெரிய பெரிய கார்ப் பந்தயங்களில் எல்லாருக்கும் ஒரே அளவு பெட்ரோல் கொடுத்து ஓடவிட்ட கதை அதில் இருந்தது. அதிவேகமாகப் போனவன் எண்ணெய் தீர்ந்து வழியில் நிற்பான். அளந்து மிதித்தவன் தாண்டிப் போய்விடுவான். இதை அண்ணனிடம் சொன்னேன்.

"அளந்து குடுத்துட்டு ஓடுன்னா அது பந்தயமா? நோன்புக் கஞ்சி" என்றான்.

"நோன்புக் கஞ்சி குடிச்சாத்தான் அரூர்ல இருப்பே. இல்லாட்டி அஸ்ஸாம்."

அவன் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் மனசு அடங்கும். ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தேன். தலைப்பு: பெட்ரோல் எங்கெல்லாம் போகிறது. பின் சக்கரத்தில் பிரேக் உராய்கிறது. டயரில் காற்றுக் குறைவு. பிளக்குகளில் கரி. கார்புரேட்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை தேய்ந்து பெரிதாகியிருக்கிறது. டேங்க் மூடி தொலைந்து, அந்த இடத்தில் துணி அடைத்திருக்கிறது. வெயிலில் பாதி ஆவியாகப் போகும். கூரைமேல் எதற்கென்று தெரியாத ஒரு இரும்புச் சட்டம். சீட்டுக்கடியில் முந்தைய பஸ்ஸின் உடைந்த சாமான்கள், எறிய மனசு வராமல் வைத்தவை. ரயிலடியில் எஞ்சினை நிறுத்தாமல் பேசிக்கொண்டு நிற்பது. ஹார்ன்.

"ஹார்ன் அடிச்சா பெட்ரோலு போவுமா?" என்றான் அண்ணன்.

"போகாது. ஆனா ஹார்ன் அடிச்ச உடனே நீ மிதிக்கிறே."

கடைசி வரியாக, அண்ணனின் வலது கால் என்று எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அதற்குக் கீழே அவன் கையெழுத்தில், தங்கச்சியின் வாய் என்று இருந்தது.

கால் தவிர மற்றதெல்லாம் சீக்கிரம் சரியாயிற்று. எஞ்சினுக்கு வேகமாகப் போவதைவிட வேகத்தை மாற்றி மாற்றிப் போவதுதான் பெரிய செலவு. மிதித்துச் சேர்த்த வேகத்தைப் பிரேக் போட்டுத் தொலைத்து, மறுபடி மிதித்துச் சேர்ப்பது. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அண்ணனின் தலை ஒத்துக்கொண்டது, கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே புளியமரக் கட்டையில் ஒரு துண்டு செதுக்கி ஆக்ஸிலேட்டருக்கு அடியில் வைத்தேன். பாதிக்குமேல் மிதிபடாது. அவசரத்துக்கு உருவி எடுக்க ஒரு கம்பியும் கட்டி, அதன் நுனியை என் கையில் வைத்துக்கொண்டேன்.

"எனக்குக் கடிவாளம் போட்டியா பாப்பா?"

"உனக்கில்லண்ணா. எஞ்சினுக்கு."

பந்தய நாள் சந்தைத் திடலில் நல்ல கூட்டம். இலவசமாகப் போய்வரலாம் என்றதும், பொம்மிடியில் ஒரு வேலையும் இல்லாதவர்கள் எல்லாம் தலைசீவி வந்து நின்றார்கள். டேங்குகளைக் காலி செய்து, அளந்த பெட்ரோலை ஆளுக்கு ஒரு டின்னில் ஊற்றி, டிரைவருக்கு முன்னால் உயரத்தில் கட்டி, ரப்பர் குழாய் வழியாக எஞ்சினுக்கு விட்டார்கள். இரண்டு பஸ்ஸிலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றினார்கள். எங்கள் வண்டியில் அதிகாரி ஏறிக்கொண்டார். மாமாவின் வண்டியில் அவருடைய குமாஸ்தா; அரூர்க்காரர்.

அதிகாரி படியில் நின்று உரக்கச் சொன்னார்: "நல்லாக் கேளுங்க. வண்டியிலே இப்போ எத்தனை பேர் இருக்கீங்களோ, அதிலே ஒருத்தர்கூட வழியிலே குறையக் கூடாது. குறைஞ்சா அந்த வண்டி தள்ளுபடி."

எல்லாரும் தலையாட்டினார்கள். மாமா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அம்மா கொடுத்தனுப்பிய ஜெபமாலை எங்கள் கண்ணாடியில் தொங்கியது. இரண்டாலும் பெட்ரோல் மிச்சமாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாலையைக் கழற்றவில்லை.

மாமா முதலில் பறந்தார். முன்னால் போகிற வண்டியை ஒட்டினாற்போல் போனால் காற்றின் எதிர்ப்புக் குறையும், சீமைப் பந்தயக்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்று அண்ணனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். சீமையில் ரோடு தாரில் போட்டது என்பதை மறந்துவிட்டேன். மாமாவின் பின்னால் இருந்தது காற்று இல்லை, புழுதி. அதிகாரி கைக்குட்டைக்குள் இருமினார். "பாப்பா, ஒன் சீமைய அப்பறம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் வேகத்தைக் குறைத்துத் தள்ளி வந்தான்.

பாதி வழிக்குமேல் ஏரிக்கரை ஏத்தம் வரும். பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் பாரம் ஏற்றிய பஸ்ஸுக்கு அதுதான் மலை. வண்டி முனகிக்கொண்டு நடைவேகத்துக்கு வந்தது. அப்போது நடந்தது, தினமும் நடப்பது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பின் வாசலால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டியபடி, பிள்ளையை இடுப்பில் மாற்றியபடி, பேச்சை விடாமல் நடந்தார்கள். நானும் அண்ணனும் முன்னால் டின்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. வண்டி திடீரென்று சுகமாக ஏறுகிறதே என்று மட்டும் நினைத்தேன்.

அதிகாரியின் விசில் காதைக் கிழித்தது.

"யார் உங்களை இறங்கச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க சார். ஏத்தம் வந்துச்சு, எறங்குனோம்" என்றாள் சித்தேரி மலையிலிருந்து புளிக்கூடையோடு வந்திருந்த ஒரு பெண்.

"ஏறுங்க! எல்லாரும் உடனே ஏறுங்க!"

"மேட்டுக்கு வந்து ஏறிக்கறோமுங்க. நீங்களும் எறங்குனா இன்னம் லேசா இருக்குமுங்க. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது உங்களுக்கு."

மேட்டின் உச்சிக்கு வண்டி போனபோது உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். "ஒருத்தர்கூடக் குறையக் கூடாதுன்னு சொன்னேன். எல்லாருமே குறைஞ்சிட்டாங்க" என்றார் அதிகாரி. குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "வேற வழியில்லை. தள்ளுபடிதான்."

அண்ணன் வண்டியை மேட்டில் நிறுத்தி எல்லாரையும் ஏற்றிக்கொண்டான். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவன் கைகளில் நரம்பு தெரிந்தது. நல்லது செய்தோம் என்று நினைத்தவர்களுக்குத் தாங்கள் செய்தது என்ன என்று அப்போதுதான் புரிந்திருந்தது.

வேப்பமரத்தடியில் மாமாவின் வண்டி. மாமா படியில் சாய்ந்து நின்றார்.

"என்னங்க மாப்ள, நடந்தே வந்துட்டீங்களா?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் அதிகாரி குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "உங்க வண்டியிலே யாராவது வழியிலே இறங்கினாங்களா?"

குமாஸ்தா யோசித்தார். "எல்லாரும் எறங்குனாங்க சார்."

"எல்லாரும்னா? நீங்க?"

"ஏத்தமாச்சுங்களே சார்" என்றார் குமாஸ்தா, அதைவிட வேறு காரணம் எதற்கு என்பதுபோல்.

அதிகாரி அவருடைய காலைப் பார்த்தார். முழங்கால் வரை செம்மண். தொப்பியைக் கழற்றினார், டீ வாங்கிக் குடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். பிறகு சொன்னார்: "போனது போகட்டும். ரெண்டு வண்டியும் திரும்பிப் போங்க. இந்தத் தடவை எவனாவது காலைக் கீழே வச்சா, அந்த வண்டி அவ்வளவுதான்." குமாஸ்தாவைத் தனியாகப் பார்த்து, "நீங்களும்தான்" என்றார்.

டின்களைப் பார்த்தோம். எங்களுடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மாமாவுடையதில் பாதிக்குக் கீழே. மாமா டின்னை எட்டிப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அவர் கண் ரோட்டில் இருந்தது.

திரும்பும்போது நாங்கள் முதலில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் பின்னால் ஹார்ன். அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. மாமா எங்களை உரசுவதுபோல் தாண்டினார். வெளியே கையை நீட்டி, மாட்டை ஓட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார். அவர் வண்டி ஆட்கள் கூவினார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "வுடாதீங்க! புடிங்க!" என்று சீட்டைத் தட்டினார்கள்.

அண்ணன் மிதித்தான். கட்டை தடுத்தது.

"கட்டைய எடு பாப்பா."

"மாட்டேன்."

"நான் ஆம்பளயா இல்லியா?"

"நீ டிரைவர். ரோட்டைப் பாரு."

அவன் என்னைத் திட்டினான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் வண்டி ஒரே சீராகப் போயிற்று.

ஏத்தம் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து சரிவு இன்னும் செங்குத்து. வண்டி தளர, உள்ளே எல்லாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுவதும் உட்காருவதுமாக இருந்தார்கள். புளிக்கூடைப் பெண், "பாவமா இருக்குது சார், கழுதைக்குக்கூட எறங்குவோம்" என்றாள். கன்னடம் பேசுகிற ஒரு பெரியவர் வாசலருகே கையை விரித்து மறித்துக்கொண்டு, "பேடா! யாரும் பேடா!" என்று தடுத்தார். ஒருவர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார், வண்டியைத் தானே தூக்கிவிடுவதுபோல்.

எஞ்சின் திணறியது. அண்ணன் கால் கட்டையில் முட்டி நின்றது. பாதி மிதியில் இந்த ஏத்தம் ஏறாது என்பது போகும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜனங்கள் இறங்கிவிட்டதால் தெரியாமல் போயிற்று. எஞ்சின் மூச்சு முட்டித் திணறுவதைவிட, குறைந்த சுற்றில் வாய் நிறையக் காற்றை இழுத்து உழைப்பதுதான் சிக்கனம். மிதிக்கக் கூடாத இடம் வேறு, மிதிக்க வேண்டிய இடம் வேறு. கம்பியை உருவினேன்.

"இப்ப மிதி. முழுசா. ஆனா விட்டு விட்டு இல்ல, ஒரே மிதி."

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மிதித்தான். தேள் மிதி இல்லை. நெல் மூட்டையின்மேல் கால் வைத்து ஏறுவதுபோல் ஒரு மிதி. வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. உச்சிக்கு வந்ததும், மூச்சை அடக்கியிருந்த அத்தனை பேரும் ஒன்றாக விட்டார்கள். நான் எட்டி எஞ்சினை நிறுத்தினேன். சரிவில் வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

அதிகாரி பதறினார். "என்ன ஆச்சு? ஏன் நின்னுபோச்சு?"

"நிக்கலீங்க சார். ஏறுன கஷ்டத்துக்கு எறக்கத்துல தூங்குது" என்றான் அண்ணன். அதிகாரி விசில் ஊதியதிலிருந்து அவன் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

அரூர் கோபுரம் தெரியத் தொடங்குகிற இடத்தில், புளியமர வரிசையின் கீழே, மாமாவின் பஸ் நின்றிருந்தது. ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா ஒருவரையும் இறங்க விடவில்லை. மாமா மட்டும் கீழே நின்று, காலி டின்னைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வண்டியை நிறுத்தினான்.

"தீந்துபோச்சுங்க மாப்ள. போங்க, நீங்க போங்க" என்றார் மாமா. மாடு ஓட்டிக் காட்டிய கை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன பஸ்ஸை இன்னொரு பஸ் தாண்டிப் போகாது. எத்தனை பகை இருந்தாலும் அதன் ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதிகாரிக்கு இது தெரியாது.

"ஏன் நிறுத்தினே? இன்னும் முடியலை" என்றார் அவர். "உன் டின்னும் தீர்ந்துட்டா யாருக்கும் பெர்மிட் இல்லை. அதையும் நினைச்சுக்கோ."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ரெண்டு வண்டி ஆளுக்கும் போதுமா பாப்பா?"

டின்னை விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் அடியில்தான் கனத்தது. ஒற்றைப் பாரத்துக்கு நன்றாகப் போதும். இரட்டைப் பாரத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அம்மா சோறு போட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போவது கண்முன் வந்தது. ஏற்றாமல் போகலாம், பெர்மிட் நிச்சயம். ஆனால் மறுநாள் அந்தப் பெர்மிட்டை வைத்துக்கொண்டு இந்த ஜனங்களின் முன்னால் எப்படி வண்டி ஓட்டுவது?

"சமநெலந்தானேண்ணா. மெதுவாப் போனாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் திரும்ப வைத்தேன்.

ஏறினார்கள். உள்ளே, படியில், கூரைமேல். குமாஸ்தா அதிகாரியின் மடியில் பாதி. மாமா தன் வண்டியை விட்டு வர மறுத்து, அதன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கோழி நடப்பதுபோல் ஊருக்குள் போனோம். டின்னிலிருந்து குழாயில் இறங்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தைத் திடலுக்குள் திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை இருமியது. அண்ணன் காலை எடுத்துவிட்டான். மிச்ச தூரத்தை வண்டி தானே உருண்டு முடித்தது.

அதிகாரி டின்னைக் கழற்றி ஒரு டம்ளரில் கவிழ்த்தார். அரை டம்ளர். அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு கூரைமேல் இருந்தவர்களைப் பார்த்தார்.

"ஒருத்தர்கூடக் குறையக் கூடாதுன்னு சொன்னேன். அதிகமானா என்னன்னு நான் எதுவும் சொல்லலை" என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா அண்ணனிடம், "இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஜெயித்தவன் சந்தோஷமாக இருந்தானா என்றால், இல்லை. முந்துவதற்கு ஆள் இல்லாத ரோட்டில் அண்ணன் சலிப்போடு ஓட்டினான். வேப்பமர நிழல் எப்போது போனாலும் காலியாக இருந்தது. மாமா தினமும் டிக்கெட் வாங்கி முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, "என்னங்க மாப்ள, கட்டை வண்டி முந்திடும்போல இருக்குது, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து மாமா தன் பஸ்ஸின் பின்னால் பானைபோல் ஒரு பெரிய அடுப்பை மாட்டினார். கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற ஏற்பாடு. கரிக்குக் கூப்பன் வேண்டாம். புகைக்குழாயில் ஓட்டை இருந்தது. நான்தான் போய் அடைத்துக் கொடுத்தேன். அண்ணனிடம் சொன்னபோது, "அந்த வண்டிக்கும் சுவத்துல எழுதிப் போடு" என்றான்.

என் வேலை உத்தரவு வந்து, பொம்மிடியில் ரயிலேற அண்ணன் வண்டியில் போனேன். பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு மாமா. ஏரிக்கரை ஏத்தத்தில் இரண்டு பஸ்களும் பக்கத்தில் பக்கத்தில் முனகின. இரண்டு டிரைவர்களும் ஹார்னை அழுத்தியபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பல மாதங்களாக நான் பார்க்கவில்லை. நானும் பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, இரண்டு வண்டி ஜனங்களோடும் சேர்ந்து நடந்தேன். மேட்டுக்கு நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம்.